போர்டு மாட்டுவதற்கு முன்னால்

எங்கள் வீட்டு ரப்பர் ஷீட் மிஷின் ஷெட்டில் திங்கட்கிழமைதோறும், புதுச் சபை தொடங்கக் கற்றுக்கொள்ள ஐந்தாறு தம்பிமார் வந்து உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தொண்டை வறளப் பேசிய போதகர்களுக்குத் திங்கள்தான் ஓய்வு நாள். வேதாகமக் கல்லூரி முடித்தவர்களும் வருவார்கள், பத்தாம் வகுப்போடு நின்றவர்களும் வருவார்கள். எல்லாருடைய கையிலும் முதல் நாளே ஒரு பேப்பர் இருக்கும். அதில் சபையின் பெயர், புறா படம், போன் நம்பர். போர்டு எழுத மார்த்தாண்டத்தில் எந்தக் கடை மலிவு என்று விசாரித்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

அந்தப் பேப்பரை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். நான் ஒன்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவன், அதற்கப்புறம் இருபத்தாறு வருடமாகப் போதகன். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சபை தொடங்குவது லேசு. சாவு, கல்யாணம், சர்டிபிகேட், கணக்கு என்று வரும்போதுதான் அது சபையா, வெறும் கூட்டமா என்று தெரியும். நான் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதல் ஆறு மாதம்: ஒரு நோட்டும் ஒரு குடையும்

அருமனையிலிருந்து குலசேகரம் வரை பஸ்ஸில் போனால் ஸ்டாப்புக்கு ஒரு ஜெபவீடாவது கண்ணில் படும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். "பிறகு உங்கள் சபை யாருக்கு?" என்று கேட்பேன். "தரிசனம் கிடைத்தது ஐயா" என்பார்கள். சரி, தரிசனம் இருக்கட்டும். எந்தத் தெரு, எந்த இருபது வீடு?

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இறங்கப்போகும் இடத்தைச் சுற்றி நூறு வீட்டுக்கு ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வரி போதும்: எந்தச் சபைக்கு அல்லது எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள், யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் கல்ஃபில் இருக்கிறார்கள். ஆறு மாதம் பிரசங்கமும் வேண்டாம், துண்டுப்பிரதியும் வேண்டாம். போய் உட்காருங்கள், சாயா தந்தால் குடியுங்கள்.

நோட்டு நிறைந்ததும் ஏற்கெனவே ஒரு சபையில் ஒழுங்காக இருக்கும் வீடுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அந்த வீடுகள் உங்களுக்கு இல்லை. எங்கள் பக்கத்துப் புதுச் சபைகளில் பாதியைப் பார்த்தால், பழைய சபைக் கமிட்டித் தேர்தலில் தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதை வைத்துச் சபை கட்டினால், அடுத்த கோபத்துக்கு அவர்கள் அடுத்த சபைக்குப் போவார்கள். அந்தத் திருட்டு ஆட்டை நானும் மேய்த்துப் பார்த்திருக்கிறேன், பால் கிடைக்காது.

சிவப்பு போக மீதி எவ்வளவு என்று எண்ணுங்கள். எங்கேயும் போகாதவர்கள் நினைத்ததைவிட அதிகம் இருப்பார்கள். எஸ்டேட் லைனில் இருப்பவர்கள், குடியால் வெட்கப்பட்டு ஒதுங்கினவர்கள், மகன் கவனிக்காத கிழவிகள். ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடநாட்டுப் பையன்களை யாருமே எண்ணுவதில்லை. என்னிடம் படித்த ஒரு தம்பி அவர்களுக்காகவே ஹிந்தி கற்றுக்கொண்டு, ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு பேரோடு ஒரு கடை மாடியில் கூடுகிறான். போர்டு இன்னும் வைக்கவில்லை.

இந்து வீடுகளையும் விடாதீர்கள். ஆள் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காகச் சொல்கிறேன். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ராத்திரி ஜெபத்தில் மைக்கை எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி வைத்துவிட்டுக் காலையில் அந்த வீட்டாரிடம் சிரித்தால் யார் சிரிப்பார்? ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. முப்பது பேர் கூடும் அறைக்கு மைக் எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

ரப்பரின் மணிக்கணக்கு

வெளியூரில் படித்துவிட்டு வரும் தம்பிமார் முதலில் தவறுவது இங்கேதான். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு ஜெபம் என்று அறிவிப்பார்கள். வெட்டுக்காரன் மூன்றரை, நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறவன். முன்னூறு மரம் வெட்டி, சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்து முடிக்கப் பத்து மணி ஆகிவிடும். அவன் ராத்திரி எட்டரைக்குத் தலையாட்டினால் அது ஆமென் இல்லை, தூக்கம்.

அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டை உடைக்கப் போகும் பெண்கள் வீடு வந்து சேர ஆறு மணி ஆகும். வந்ததும் அடுப்பு. பல தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நாங்கள் பிடித்த நேரம், செவ்வாய்க்கிழமை ஆறரையிலிருந்து ஏழேகால் வரை. ஏழேகாலுக்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் அடுத்த வாரம் இரண்டு பேர் குறைவார்கள். ஞாயிறு ஆராதனையும் பத்தரைக்குத்தான். ஒன்பது மணிக்கு வைத்தால் பால் எடுக்காமல் வரச் சொல்வது போல ஆகும். பால் உறைந்து ஒட்டுப்பாலாகிவிட்டால் ஷீட்டின் விலை கிடைக்காது.

காணிக்கையும் மரத்தைப் பொறுத்ததுதான். ஜூன் மாதம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை கனத்தால் வெட்டு நிற்கும். தை, மாசியில் இலை உதிரும்போது மறுபடியும் நிற்கும். ஐப்பசி மழை வேறு. வருடத்தில் நாலு மாதமாவது பை இளைத்துத்தான் வரும். கடற்கரை ஊருக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு: மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. இது தெரியாமல் மே மாதக் காணிக்கையை நம்பி வாடகைக்குக் கட்டடம் எடுத்த ஒரு தம்பி, ஆகஸ்டில் நாற்காலிகளை விற்றான். ஆகையால் முதல் மூன்று வருடத்துக்கு உங்கள் வீட்டு அடுப்பு காணிக்கையில் எரியக்கூடாது.

கைத்தொழில் என்ன என்று கேட்பீர்கள். பவுல் கூடாரம் செய்தார். எங்கள் பக்கத்தில் தேன்பெட்டி வையுங்கள். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் இந்த ஊர்களில் பெட்டித் தேனைப் பற்றி அறியாதவர்கள் குறைவு. ரப்பரில் புதுத் தளிர் வரும் மாசி, பங்குனியில் அந்தத் தளிரின் காம்பிலேயே தேன் கசியும், பூகூட வேண்டாம். மற்றவர்களுக்கு வெட்டு இல்லாத அதே மாதத்தில் உங்களுக்குத் தேன் வரும். வாரத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும், ஞாயிற்றுக்கிழமையும் கெடாது. என்னிடம் இருபது பெட்டி இருக்கிறது. பிரசங்கம் நன்றாக இல்லாவிட்டாலும் தேன் நன்றாக இருக்கிறது என்று எங்கள் சபையில் சொல்லுவார்கள்.

பெண்கள் கொண்டுவரும் பிடி அரிசியையும் அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் சின்னதாக நினைக்காதீர்கள். ஒரு சக்கைப்பழத்தை (பலாப்பழத்தை) இரண்டு மைத்துனன்மார் வீம்புக்கு எண்ணூறு ரூபாய் வரைக்கும் ஏற்றிவிட்ட வருடம், எங்கள் கூரை ஷீட் மாறியது.

அடக்கம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் நான் பட்டிருக்கிறேன்.

எங்கள் சபையின் முதல் அங்கத்தினர் ஒரு அம்மா. பழைய பெரிய சபை ஒன்றிலிருந்து வந்தவர். மேலே சிவப்பு வட்டம் போடச் சொன்னேன் அல்லவா, அப்போது எனக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆறு வருடம் எங்களோடு இருந்தார். ஒரு ஆடி மாதம், ராத்திரி பதினொரு மணிக்கு இறந்துபோனார். மகன் ஓமனில் இருந்தான், மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடியும். ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு எடுத்தோம். வெளியே விடாத மழை.

காலையில்தான் எனக்கு உறைத்தது: எங்கே அடக்கம் பண்ணுவது? அந்த அம்மாவுக்கு வீட்டோடு சேர்த்து ஐந்து சென்ட். அதில் ஒரு கிணறு, சுற்றிலும் வீடுகள். வீட்டு மண்ணில் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். குடியிருப்புக்கும் குடிதண்ணீருக்கும் பக்கத்தில் அப்படி வைக்க முடியாது, பஞ்சாயத்து அனுமதி வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்தால் விஷயம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகும். பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கணவர் கிடக்கிறார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கமிட்டியிடம் போனேன். ஆறு வருட சந்தா பாக்கி என்றார்கள். கட்டுகிறோம் என்றேன். "பணம் இருக்கட்டும் பாஸ்டர், ஆறு வருடம் இந்த மணிச் சத்தம் அவங்க காதில் விழல்லியா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சபையில் போதகருக்குத் துணையாக இருந்த உபதேசியார் வயதானவர். அவர்தான் ஒவ்வொரு கமிட்டிக்காரர் வீட்டுக்கும் நடந்து பேசினார். சாயங்காலம் நாலு மணிக்குச் சம்மதித்தார்கள்: சந்தா கட்டவேண்டும், மதிலோரத்தில் இடம், அவர்கள் ஐயர், அதாவது அவர்கள் போதகர்தான் ஜெபிப்பார், என் சபை ஜெபம் உள்ளே கிடையாது. மகன் தலையாட்டினான். ஆறு வருடம் அந்த அம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்த நான், கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே குடைக்குக் கீழே நின்று, மண் விழும் சத்தத்தைக் கேட்டேன்.

வெகுநாள் அந்தக் கமிட்டியின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி என் மேல். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்த அம்மாவிடம் "உங்களை எங்கே வைப்பது?" என்று கேட்டதில்லை.

இப்போது தம்பிமாருக்குச் சொல்வது இதுதான். வேறு சபையிலிருந்து ஒருவர் வருகிறேன் என்றால், முதலில் அவரோடு நீங்களே அந்தச் சபைப் போதகரிடம் போங்கள். மாறுதல் கடிதம் கேளுங்கள். தராவிட்டாலும் கேட்டதாக இருக்கட்டும். கல்லறையில் குடும்ப இடம் இருந்தால் சந்தாவை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்த குடும்பமானால், பஞ்சாயத்தின் பொது இடுகாடு எங்கே, எந்த சர்வே நம்பர், போக வழி உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே விசாரித்து அந்த நூறு பக்க நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலுள்ள நாலைந்து சின்னச் சபைகள் சேர்ந்து இடம் வாங்கி முறையாக அனுமதி கேட்பது நல்ல வழி. நாங்கள் சேர்ந்து மூன்று வருடம் அலைந்தோம். கட்டடம் கட்ட அவ்வளவு அலையவில்லை.

கல்யாணம்

இது சட்ட விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1872-ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும், அதிகாரம் பெற்றவர்தான் நடத்தவேண்டும். பெரிய சபைகளின் ஐயர்மாருக்கும் கத்தோலிக்கக் குருக்களுக்கும் அந்த அதிகாரம் அவர்கள் பட்டத்தோடு வரும். எந்தப் பெரிய சபையோடும் சேராத சுதந்திர சபைப் போதகருக்கு அரசு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் 68-ஆம் பிரிவில் பத்து வருடம் வரை சிறை உண்டு. நேரமும் காலை 6-லிருந்து சாயங்காலம் 7-க்குள். அப்புறம் தமிழ்நாட்டு 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும்.

லைசென்ஸ் இல்லாத ஒரு தம்பி நடத்திய கல்யாணத்துப் பெண், கணவனோடு வெளிநாடு போக விசாவுக்கு எழுதிப்போட்டபோது சர்டிபிகேட் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். கையில் ஆறு மாதக் குழந்தை. மறுபடியும் சட்டப்படி செய்துகொண்டார்கள். லைசென்ஸ் கிடைக்கும் வரை, அதிகாரம் உள்ள போதகர் ஒருவரை அழைத்து நடத்துங்கள். நீங்கள் பிரசங்கம் பண்ணுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஒரு பேச்சு

பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் பெரும்பாலான போதகர்கள் சந்தோஷத்தில் ஆற்றுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறினவருக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்பட்ட வகுப்பில் வருவார்கள். பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை, வேலை எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. இந்தச் சட்டம் நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டுத் தண்ணீரில் இறக்குவதும் நியாயம் இல்லை. "பெயரை மாற்றாதே, யாருக்கும் தெரியாது" என்று குறுக்கு வழி சொல்லிக்கொடுப்பது அதைவிட மோசம். வீட்டில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். முடிவு அவர்களுடையது. ஒரு குடும்பம் என்னிடம் பேசிவிட்டு நாலு வருடம் கழித்துத்தான் வந்தது. அந்த நாலு வருடமும் ஞாயிறு தவறாமல் வந்து கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இடமும் பணமும்

ஆராதனைக்கென்று கட்டடம் கட்டக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். வீடு என்று பிளான் வாங்கிச் சபையாக்கும் தந்திரம் ஒரு மனு வரும்வரைதான் ஓடும், அப்புறம் சீல். இடத்தை உங்கள் பெயரில் வாங்காதீர்கள். டிரஸ்டோ சங்கமோ முதலில் பதியுங்கள், அதன் பெயரில் பான் எடுங்கள், இரண்டு கையெழுத்தில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் மனைவியும் மைத்துனனும் மட்டும் டிரஸ்டிகள் என்றால் அது சபைக் கணக்கு இல்லை, குடும்ப அட்டை.

காணிக்கையை உங்கள் ஜிபே நம்பருக்கு வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சகோதரர் ஒருவர் டாலர் அனுப்புகிறேன் என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு இல்லாமல் தொடவே வேண்டாம். பதிவு இருந்தாலும் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி மெயின் பிராஞ்சுக் கணக்கில்தான் வந்து இறங்கவேண்டும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் பதிவு உள்ள ஒரு நிறுவனம் வாங்கி உங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் முடியாது. கல்ஃபிலிருக்கும் நம்முடைய ஆட்கள், இந்தியக் குடிமக்கள், தங்கள் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது. அதற்கும் ரசீது போடுங்கள்.

நல்லமிளகுக் கொடி

பிரசங்கப் பயிற்சி கடைசியில்தான். பன்னிரண்டு நிமிடம், எதிரில் என் அம்மா உட்காருவார். எண்பத்திரண்டு வயது, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். 'பிராயச்சித்தம்', 'நீதிமானாக்கப்படுதல்' போன்ற சொற்களை அவருக்கு விளங்கும்படி பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் பயன்படுத்தக்கூடாது என்பது ஒன்றுதான் விதி.

போன வருடம் ஒரு தம்பி யோவான் பதினைந்தை எடுத்தான். திராட்சைச் செடியை இங்கே யார் பார்த்திருக்கிறார்கள் என்று, சமர்த்தாக நல்லமிளகுக் கொடிக்கு மாற்றினான். "இயேசு மரம், நாம் அதில் படரும் கொடி. மரத்திலிருந்து நமக்குச் சத்து வருகிறது" என்றான். அம்மா கையைத் தூக்கினார். "மக்களே, நல்லமிளகு முருக்கு மரத்துல ஏறும், ஆனா தின்னுறது மண்ணுலயிருந்தாக்கும். மரத்தை வெட்டினாலும் கொடி தரையில கிடந்து பிழைக்கும்."

தம்பி முழித்தான். அவரே சொன்னார்: "கொடியில இருந்து ஒரு கிளையை ஒடிச்சு மரத்துலயே தொங்கவிடு. ரெண்டு நாள் பச்சையாத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. மூணாம் நாள் இலை தொங்கும். அதைச் சொல்லு." இருபத்தாறு வருடத்தில் அந்தப் பகுதியை அவ்வளவு சரியாக நான் பிரசங்கித்ததில்லை. அந்தத் தம்பிக்கு அடுத்த வாரம் கொடுத்த வேலை, நாலு நல்லமிளகுத் தோட்டத்துக்குப் போய்வருவது.

உங்களுக்கு அப்புறம் யார்

எங்கள் மாவட்டத்து மயிலாடிக்கு 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்தார், 1816-ல் போய்விட்டார். அடுத்த மிஷனரி மீட் வந்தது 1818-ல். நடுவிலிருந்த காலத்தில் சபைகளைப் பார்த்துக்கொண்டவர் உள்ளூர்க்காரரான வேதமாணிக்கம். ரிங்கல்தௌபேயை இந்தப் பக்கம் அழைத்ததே அவர்தான். மீட் வந்து 1819-ல் நாகர்கோவிலில் செமினரி தொடங்குவதற்கு முன்பே, ஒரு சபை வெள்ளைக்காரர் இல்லாமல் நடந்து காட்டியிருக்கிறது. இன்றைக்கு எங்கள் சுதந்திர சபைகளில் போதகர் ஒரு மாதம் படுத்துவிட்டால் கதவுக்குப் பூட்டு. இல்லையென்றால் மகன் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் ஏறுவான்.

மூன்றாம் வருடம் தொடங்குவதற்குள் உள்ளூரில் இரண்டு பேரைப் பிடியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் பிரசங்கிக்கட்டும், நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். துக்க வீட்டுக்கு அவர்களை முன்னால் விடுங்கள். கணக்கு நோட்டை அவர்கள் எழுதட்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கமிட்டியோடு பேசி எழுதிக் கவரில் போட்டு ஒட்டுங்கள், கவர் உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

எங்கள் சபைக் கவர் செயலாளர் வீட்டு பீரோவில் இருக்கிறது. அதில் பெயர் உள்ள தம்பிக்கு இன்னும் விஷயம் தெரியாது. போன மாதக் கணக்கை இந்தத் திங்கட்கிழமைதான் கொண்டுவந்தான், அதிலும் நாற்பது ரூபாய் இடித்தது. திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.